வேஷம் மாத்த எவ்ளோ நேரம் பாஸ்?

2021 பிப்ரவரி 18. செவ்வாய் கிரகத்தின் ஜெஸரோ பள்ளத்தை நோக்கி 'பெர்ஸவரன்ஸ்' ரோவர் பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் ஒரு கேமரா. அது எடுக்கிற படங்களை, முன்பே ஏற்றி வைத்த மேப்போடு ஒப்பிட்டு, 'நாம இப்ப எங்கே இருக்கோம்' என்று சுடச்சுடக் கணக்குப் போட ஒரு சிப். பத்திரமாகத் தரையைத் தொட்டாச்சு. இனிமேல் அந்தச் சிப்புக்கு என்ன வேலை? சும்மா தூங்க வேண்டியதுதானே?

நாசாக்காரர்கள் விடுவார்களா! சிப்புக்குள் இருந்த சர்க்யூட்டை அழித்துவிட்டு, பாறைக்குப் பாறை பார்த்து வண்டி ஓட்ட உதவுகிற இன்னொரு சர்க்யூட்டை ஏற்றிவிட்டார்கள். கவனியுங்கள்... மாறியது சாஃப்ட்வேர் இல்லை, சர்க்யூட்! அதுவும் பல கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில்.

அங்கே இந்த மாற்றத்துக்கு ஒரு செகண்ட் ஆனாலும், ஒரு மணி நேரம் ஆனாலும் பிரச்னை இல்லை. வண்டிதான் தரையில் நிற்கிறதே! ஆனால், இதே மாற்றம் நடுவானில், இறங்குகிற வேகத்தில் தேவைப்பட்டிருந்தால்? மாறி முடிக்கிற வரைக்கும் சிப்புக்குக் கண் தெரியாது, காது கேட்காது. அந்த மயக்க நேரத்தை எப்படிக் குறைப்பது என்று ஒரு பெரிய கூட்டமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதைதான் இது.

ஈ.சி.இ. மக்களுக்கு இந்தச் சிப்பின் பெயர் தெரிந்திருக்கும். எஃப்.பி.ஜி.ஏ.! வி.எல்.எஸ்.ஐ. லேபில் நாலு பேருக்கு ஒரு போர்டு என்று கொடுப்பார்களே, எல்.இ.டி. மினுக்கி, அவுட்புட்டை ரெக்கார்டில் ஒட்டி, மறுநாளே மறந்து போவோமே... அதே சாமிதான். மற்ற டிபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பிராசஸர், ஃபேக்டரியில் எப்படிச் செய்தார்களோ அப்படியேதான் கடைசிவரை இருக்கும். எஃப்.பி.ஜி.ஏ. அப்படி இல்லை. உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி 'ட்ரூத் டேபிள்'கள், அவற்றை இணைக்க எக்கச்சக்கமான ஒயர்கள், எந்த ஒயர் எதோடு சேரணும் என்று சொல்லும் ஸ்விட்சுகள். ஆறு இன்புட் உள்ள ஒரு டேபிளை நிரப்ப 64 பிட் வேண்டும். ஒயர் இணைப்புகளுக்கு அதைவிட அதிகம். இத்தனை ஆன், ஆஃபையும் வரிசையாக எழுதி வைத்த ஃபைலுக்கு 'பிட்ஸ்ட்ரீம்' என்று பெயர். அதை உள்ளே கொட்டினால், சிப் நீங்கள் நினைத்த சர்க்யூட்டாக ஆகிவிடும். பெரும்பாலான சிப்களில் கரன்ட் போனால் எல்லாம் மறந்து போகும். திரும்ப முதலிலிருந்து கொட்டணும்.

'அதுக்குத்தான் எங்க லேப் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் உருட்டிக்கிட்டே இருக்குமா?' என்று கேட்காதீர்கள். அது வேற டிபார்ட்மென்ட்! நீங்கள் எழுதிய புரோகிராமை பிட்ஸ்ட்ரீமாக மாற்றுகிற நேரம் அது. அதாவது, டெய்லர் சட்டை தைக்கிற நேரம். நாம் பேசுவது, தைத்து ரெடியாகத் தொங்குகிற சட்டையை மாட்டுகிற நேரம். முதலாவது வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது, மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது நடக்கிறது. வைவாவில் இந்த இரண்டையும் குழப்பி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

40 வருஷமா அதே 10 மில்லி செகண்ட்!

வேலைக்குத் தகுந்த மாதிரி உருவம் மாறும் கம்ப்யூட்டர் என்கிற ஐடியா இன்று நேற்றைக்கு வந்ததில்லை. 1960-லேயே கலிஃபோர்னியா பல்கலையின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜெரால்ட் எஸ்ட்ரின் என்ற புரொஃபசர் இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார். மாறாத ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் மாறுகிற ஒரு பகுதி. மாற்றுவது எப்படி என்கிறீர்கள்? ஆள் போய், கையால் மாட்யூல்களைப் பிடுங்கி வேறு மாட்யூல்களைச் செருகி, ஒயரிங்கை மாற்றி... அதற்குப் பிறகு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

1985-ல் ஸைலிங்ஸ் கம்பெனி எக்ஸ்.சி.2064 என்ற சிப்பைக் கொண்டு வந்தது. முதன் முதலாகக் கடைக்கு வந்த எஃப்.பி.ஜி.ஏ. இதுதான். உள்ளே மொத்தமே 64 லாஜிக் பிளாக். நிரப்ப வேண்டியது 12,038 பிட். ஒவ்வொரு பிட்டாக, செகண்டுக்குப் பத்து லட்சம் என்ற வேகத்தில் ஊற்றினால் 12 மில்லி செகண்டில் முடிந்துவிடும்.

இப்போது பல ப்ராஜெக்ட் டேபிள்களில் இருக்கும் ஸிங்க் 7020 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிட்ஸ்ட்ரீம் சுமார் 4 எம்.பி. பழைய சிப்பைப்போல ஏறக்குறைய 2,700 மடங்கு. வழியும் சும்மா இல்லை, ஒரே நேரத்தில் 32 பிட், செகண்டுக்கு 10 கோடி தடவை. அதாவது 400 எம்.பி. வகுத்துப் பாருங்கள். 10 மில்லி செகண்ட்! ரோட்டை எட்டு வழிச் சாலை ஆக்கினாலும் அதற்கேற்ற மாதிரி லாரிகளும் பெருத்துவிட்டன. கம்பெனிதான் மாறியது. 2022-ல் ஸைலிங்ஸை ஏ.எம்.டி. வாங்கிவிட்டது. நேரம் மட்டும் அசையவே இல்லை.

10 மில்லி செகண்ட் ஒரு பெரிய விஷயமா என்று தோணும். நமக்குக் கண் சிமிட்டுகிற நேரத்தைவிடக் குறைவுதான். 10 கோடி ஹெர்ட்ஸில் ஓடுகிற சர்க்யூட்டுக்கு அது 10 லட்சம் துடிப்பு. அத்தனை துடிப்புக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது! உருவம் மாறியதால் மிச்சமாகும் நேரம் இதைவிட அதிகமாக இருந்தால்தான் மாறுவதில் அர்த்தம். இல்லாவிட்டால், பேசாமல் பழைய பிராசஸரிலேயே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

சரி, குறைப்பது எப்படி?

முதல் யோசனை, முழுசாக மாற்றாதே. எந்தப் பகுதி மாறணுமோ அதை மட்டும் மாற்று, மற்றது ஓடிக்கொண்டே இருக்கட்டும். சிப்பில் பத்தில் ஒரு பங்கு என்றால் 0.4 எம்.பி. கணக்குப்படி 1 மில்லி செகண்ட். இதிலும் ஒரு கொக்கி உண்டு. நினைத்த பிட்டை மட்டும் தொட முடியாது. இந்தத் தலைமுறைச் சிப்களில் குறைந்தபட்ச அலகு 'ஃப்ரேம்'. ஒரு ஃப்ரேமுக்கு 3,232 பிட். ஒரு வீட்டில் ஃப்யூஸ் மாற்ற தெருவுக்கே மின்வெட்டு போடுகிற கதைதான்.

கணக்குப்படி 1 மில்லி செகண்ட். நிஜத்தில்? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சிப்பின் உள்வாசல் 400 எம்.பி. விழுங்கும், சரி. ஊட்டுவது யார்? பக்கத்தில் இருக்கிற பிராசஸர், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வாசலில் வைத்தால் வேகம் 20 எம்.பி.யைத் தாண்டுவதே கஷ்டம். 2014-ல் சிங்கப்பூரின் நான்யாங் டெக்னாலஜிகல் பல்கலையைச் சேர்ந்த விபின், ஃபாஹ்மி இருவரும் ஸிங்க் சிப்பில் இதை அளந்து பார்த்தார்கள். கம்பெனி கொடுத்த ஒரு வழியில் 19 எம்.பி.தான் கிடைத்தது. இன்னொரு வழியில் 128. அவர்கள் என்ன செய்தார்கள்? பிராசஸரை நடுவிலிருந்து நகர்த்திவிட்டு, மெமரியிலிருந்து வாசலுக்கு நேராக ஒரு குழாய் போட்டார்கள். 'ஸைகேப்' என்று பெயர். வேகம் 382! சிப் அதேதான், ஃபைலும் அதேதான். நம்முடைய 0.4 எம்.பி. துண்டு 21 மில்லி செகண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டது. கதவு அகலமாக இருந்தும், மூட்டை தூக்குகிற ஆள் ஒருத்தர்தான் என்பதுதான் பிரச்னை!

இதை வீடியோவில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். செகண்டுக்கு 60 படம் ஓடுகிற ஹெச்.டி. வீடியோ. ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். 21 மில்லி செகண்ட் எடுத்தால், ஒரு முழுப் படம் போயே போச்சு. 1 மில்லி செகண்ட் என்றால்? ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே சின்ன இடைவெளி உண்டு. மொத்தம் 1,125 வரியில் 45 வரி காலி. அந்த நேரம் 0.67 மில்லி செகண்ட். அதற்குள் வேஷம் மாறிவிட்டால், பார்க்கிறவருக்கு எதுவுமே தெரியாது. பகலில் ஒரு ஃபில்டர், இருட்டினால் வேறு ஃபில்டர் என்று கேமராவுக்குள் சர்க்யூட்டே மாறும், படம் ஒரு தடவைகூடக் குதிக்காது. அதற்கு, 400 எம்.பி. வேகத்தில், துண்டின் எடை 0.27 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ 0.4. ச்சே, நூலிழையில் மிஸ்!

அப்போ வாசலை வேகப்படுத்தலாமா? செய்து பார்த்துவிட்டார்கள். 2012-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு குழு, 100 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே கேரன்டி உள்ள வாசலை 362.5 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, செகண்டுக்கு 1.4 ஜி.பி.க்கு மேல் விழுங்க வைத்தது. சூப்பர்தான். ஆனால், கேரன்டி இல்லாத வேகம். லேபில் ஏ.சி. குளிரில் ஓடிய சிப், மே மாத வெயிலில் தெருமுனைக் கேமராவுக்குள் ஓடுமா? ஒரு பிட் தவறிப்போனால் சர்க்யூட்டே வேறு ஆகிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஓகே. விற்கிற பொருளில் இதைச் செய்ய எனக்குத் தைரியம் வராது.

பிட்ஸ்ட்ரீமைச் சுருக்குவது இன்னொரு வழி. காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் பூஜ்யம்தான், நன்றாகவே சுருங்கும். ஒரே மாதிரி இருக்கும் ஃப்ரேம்களை ஒரு தடவை அனுப்பி, 'இதையே பல இடத்தில் எழுதிக்கோ' என்று சொல்ல ஸைலிங்ஸ் சிப்களிலேயே வசதி உண்டு. வெறும் ஸிப் ஃபைல் மாதிரிச் சுருக்கினால், நெரிசல் எங்கே என்று பார்க்கணும். மெமரியிலிருந்து வருவது மெதுவென்றால் பலன் உண்டு. வாசலே நிரம்பி வழிகிறதென்றால், எவ்வளவு சுருக்கினாலும் வாசலுக்கு முன்னால் மறுபடி விரித்துத்தானே ஆகணும்?

திரைக்குப் பின்னால்...

பழைய கம்பெனி நாடகங்களைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். அரண்மனை சீன் முடிந்ததும் தெருப் படம் வரைந்த ஒரு திரை விழும். அதற்கு முன்னால் காமெடியன் வந்து ஒரு ரகளை பண்ணுவார். ஜனம் சிரித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் சத்தமில்லாமல் அரண்மனை போய்க் காடு வந்திருக்கும். செட் மாற்ற ஆன நேரம் குறையவில்லை. நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

1998-ல் ஸ்காட் ஹாக் என்ற ஆராய்ச்சியாளர் எஃப்.பி.ஜி.ஏ.வுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான். அடுத்து எந்த சர்க்யூட் தேவைப்படும் என்று முன்கூட்டியே யூகித்து, இப்போதைய வேலை ஓடும்போதே அதை ஏற்ற ஆரம்பித்துவிடு. இன்றைய சிப்பில் இரண்டு பகுதிகளை ஒதுக்கி, ஒன்று நடிக்கும்போது இன்னொன்றுக்கு மேக்கப் போடலாம். விலை? சிப்பில் இரண்டு மடங்கு இடம். யூகம் தப்பினால், காடு கேட்ட இடத்தில் கடற்கரை வந்து நிற்கும். திரும்ப மாற்றணும், லேட்டுக்கு மேல் லேட்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வழி. ஆள் அதிகம் பேசாதது. மைக்ரோசாஃப்ட், 'கேட்டபுல்ட்' என்ற பெயரில் 1,632 சர்வர்களில் எஃப்.பி.ஜி.ஏ. செருகி, பிங் தேடலின் பக்கங்களைத் தரவரிசைப்படுத்த வைத்தது. 2014-ல் இதை வெளியிட்டபோது உலகமே பார்த்த நம்பர், வேலைத்திறன் 95 சதவிகிதம் உயர்ந்தது என்பது. அதே கட்டுரையின் உள்ளே ஒரு மூலையில் இருக்கிற சமாசாரம் இது. தேடுகிற மொழிக்கும் கேள்வியின் வகைக்கும் தகுந்த மாதிரி வெவ்வேறு 'மாடல்' தேவை. சர்க்யூட்டைத் தொடாமல், உள்ளே இருக்கும் மெமரிகளை மட்டும் புதிதாக நிரப்பினாலே மாடல் மாறிவிடும். அதற்கே அதிகபட்சம் 250 மைக்ரோ செகண்ட் ஆனது. ஒரு பக்கத்தை அலசுவதைப்போல் பத்து மடங்கு! சர்க்யூட்டையே மாற்றுவதென்றால் மில்லி செகண்டிலிருந்து செகண்ட் வரை போகும்.

அவர்கள் மாற்றத்தை வேகப்படுத்த முயலவில்லை. வரிசையை மாற்றினார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி க்யூ. ஒரு க்யூவில் இருப்பதை எல்லாம் முடி, அல்லது கெடு நேரம் வரும்வரை ஓட்டு, பிறகுதான் அடுத்த மாடல். நம்ம ஹோட்டல் தோசை மாஸ்டர் செய்வதுதானே இது! வெங்காய ஊத்தப்பம் நாலு டேபிளில் கேட்டிருந்தால், நாலையும் ஒரே ஈடாகக் கல்லில் ஊற்றிவிடுவார். டேபிள் வரிசைப்படி ஒவ்வொன்றாக ஊற்றி, நடுவில் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான். அதற்காக, தனியாக ஒரு நெய் ரோஸ்ட் கேட்டவரை ராத்திரி வரை காக்க வைக்கவும் முடியாது. அந்தக் கெடு நேரம் அவருக்காகத்தான்.

அதே கட்டுரையில் இன்னொரு கூத்தும் உண்டு. வேஷம் மாறுகிற நேரத்தில் எஃப்.பி.ஜி.ஏ. சும்மா இருப்பதில்லை, உளறும்! சர்வருக்கு அது திடீரென்று செத்துப்போன மாதிரித் தெரியும். பக்கத்துச் சிப்புக்கோ குப்பை டேட்டா போய்ச் சேரும். அதனால், மாறுவதற்கு முன்னால் 'கொஞ்ச நேரம் நான் சொல்றதைக் கண்டுக்காதீங்க' என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போக வைத்தார்கள்.

கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டுகளுக்கு வேறு தலைவலி. பவர் வந்து சுமார் 100 மில்லி செகண்டில் கார்டு தயாராக இருக்கணும் என்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் விதி. வி.யு.9பி என்ற பெரிய சிப்பின் பிட்ஸ்ட்ரீம் 80 எம்.பி. நாலு ஒயர் ஃப்ளாஷ் மெமரியிலிருந்து 50 மெகாஹெர்ட்ஸில் ஏற்றினால் 3 செகண்டுக்கு மேல். அதற்குள் கம்ப்யூட்டர் அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்து, 'ஆப்ஸென்ட்' போட்டிருக்கும். தீர்வு ரொம்ப சிம்பிள். கடைக்காரர் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி, ஒரு லைட்டைப் போட்டுவிட்டு, உள்ளே சரக்கு அடுக்குவாரே... அதே மாதிரி, பதில் சொல்லத் தேவையான சின்னப் பகுதியை மட்டும் முதலில் ஏற்றி 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டு, மீதியை நிதானமாக ஏற்றுவது.

இவ்வளவு சுற்றுவானேன், எல்லா வேஷத்தையும் சிப்புக்குள்ளேயே அடுக்கி வைத்துக்கொண்டால் என்ன? 1990-களிலேயே எம்.ஐ.டி.யில் ஆந்த்ரே டிஹான், ஸைலிங்ஸில் ஸ்டீவ் ட்ரிம்பெர்கர் என்று பலர் முயன்றார்கள். 2003-ல் தொடங்கிய டபுலா என்ற கம்பெனி இதில் உச்சத்துக்கே போனது. சிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் எட்டு வேஷம், செகண்டுக்கு 160 கோடி தடவை மாற்றம்! காத்திருக்கும் நேரம் என்ற பேச்சே இல்லை. எட்டு வேஷத்தையும் வைக்க இடம் வேண்டும், விடாமல் மாறிக்கொண்டிருக்க மின்சாரம் வேண்டும், இத்தனையையும் திட்டமிட ஒரு ராட்சச சாஃப்ட்வேர் வேண்டும். 2015-ல் கடையை மூடிவிட்டார்கள். பிட் பிட்டாக மாற்றாமல், கூட்டல் பெருக்கல் என்று முழு முழு பிளாக்குகளாக மாற்றினால் சுமை குறையும் என்று வேறு சிலர் அந்தப் பக்கம் போனார்கள். 2004-ல் வந்த சோனியின் பி.எஸ்.பி. கேம் பெட்டிக்குள்ளேயே அந்த ரகச் சரக்கு ஒன்று இருந்தது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவரா நீங்கள்? டிபார்ட்மென்ட்டில் ஒரு ஸிங்க் 7020 போர்டு இருக்கிறதா என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேளுங்கள். படத்தின் ஓரங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு ஃபில்டர், படத்தை மழுப்பும் இன்னொரு ஃபில்டர், இரண்டும் மாறி மாறி வர ஒரே ஒரு பகுதி. போதும். ஃபைல் சைஸை 400-ஆல் வகுத்து 'ரீகான்ஃபிகரேஷன் டைம்' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். சிப்புக்குள்ளேயே ஒரு கவுன்ட்டர் வையுங்கள். மாற்றச் சொன்ன நொடியில் அதை ஆரம்பித்து, புதிய ஃபில்டரிலிருந்து முதல் சரியான பிக்ஸல் வெளியே வரும்போது நிறுத்துங்கள்.

முதல் தடவை வருகிற நம்பரைப் பார்த்து மயக்கம் போட வேண்டாம். ஃபைலை எஸ்.டி. கார்டிலிருந்து படித்த நேரமும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். இரண்டு ஃபில்டரையும் முன்கூட்டியே மெமரியில் ஏற்றி வைத்துவிட்டு, இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.